ஒரே வீடு, இரண்டு தெரு: ஒன்றையொன்று காணாத கம்ப்யூட்டர்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடியிலிருந்து ஒரு நைலான் கயிறு தொங்கும். முனையில் ஒரு மஞ்சப்பை. பால் பாக்கெட், கீரைக்கட்டு, எதிர்வீட்டிலிருந்து வரும் பலகாரம் எல்லாம் அதில்தான் மேலே போகும். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் போனபோது அந்தப் பைக்குள் பென்டிரைவ் இருந்தது.

"இதுதாம்டா எங்க வீட்டு நெட்வொர்க்" என்றாள் அக்கா.

அத்தானுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தொழில். கேமராக்காரர்கள் கொண்டுவரும் மெமரி கார்டுகள் கீழே அக்காவின் டெஸ்க்டாப்பில் இறங்கும். 4 டிபி டிஸ்க் அதில்தான் இருக்கிறது. அத்தான் மாடியறையில் லேப்டாப்பில் பக்கங்களைச் செய்வார். செய்து முடித்த புரூஃப் மறுபடி கீழே வரவேண்டும், பிரிண்டர் கீழே இருப்பதால். ஆக ஒரு கல்யாணம் குறைந்தது இரண்டு முறை மாடிப்படி ஏறி இறங்கும். முழங்கால் வலி வந்தபிறகு கயிற்றில் இறங்கத் தொடங்கியது.

"ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே மாட்டேங்குது மாப்ள. ஐப்பசி முகூர்த்தம், கார்த்திகை முகூர்த்தம், எல்லாப் படமும் அப்படியே கெடக்கு. தை பொறந்தா புதுசு வந்துரும்."

இந்தப் புகாரை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். "பாக்க மாட்டேங்குது" என்று சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்ட தகவல் இன்னொன்றுக்குப் போய்ச் சேரவே வழியில்லாமல் இருக்கலாம். வழி இருந்தும், நெட்வொர்க் பட்டியலில் பெயர் மட்டும் வராமல் இருக்கலாம். பெயரும் வந்து, உள்ளே நுழையும்போது கதவு பூட்டியிருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான்: "தெரியல". ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது. அக்கா வீட்டில் மூன்றும் ஒருசேர இருந்தன. அதனால்தான் அதுவரை செய்த எந்த வைத்தியமும் பலித்ததாகத் தெரியவில்லை. சரியான வைத்தியம் செய்திருந்தாலும் தெரிந்திருக்காது, அடுத்த பூட்டு அதை மறைத்திருக்கும்.

நான் வருவதற்கு முன் நடந்தவை

எதையும் தொடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் வரலாறு எழுதினேன். இது எனக்குப் பழக்கம். பாதி நோய் இந்தக் காகிதத்திலேயே பிடிபடும்.

தீபாவளிக்கு முன்பு வரை எல்லாம் சரியாக ஓடியிருக்கிறது. அப்போது பழைய லேப்டாப், கீழே ஃபைபர் இணைப்புக்காரர்கள் வைத்த பெட்டியின் வைஃபையிலேயே மாடியிலும் ஓடியது. சிக்னல்தான் மோசம். தீபாவளித் தள்ளுபடியில் ஒரே வாரத்தில் இரண்டு பொருள் வாங்கினார்கள்: விண்டோஸ் 11 ப்ரோ போட்ட புதிய லேப்டாப், மாடிக்கென்று தனியாக ஒரு வைஃபை ரவுட்டர். ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை மாடிப்படி ஓரமாக இழுத்து ரவுட்டரில் சொருகினார்கள். மாடியில் சிக்னல் ஜோராக வந்தது, இன்டர்நெட் பறந்தது. கம்ப்யூட்டர்கள் காணாமல் போயின. லேப்டாப்பா, ரவுட்டரா? ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

பிறகு வைத்தியர்கள் வந்தார்கள். கம்ப்யூட்டர் கடைப் பையன் டெஸ்க்டாப்பில் "பாஸ்வேர்டு பாதுகாப்புள்ள பகிர்வு" என்பதை அணைத்துவிட்டுப் போனான். அத்தான் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து இரண்டிலும் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையைத் திரும்ப நிறுவினார். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தார், பலனில்லை என்றதும் திரும்பப் போட்டுவிட்டார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்; பல வீடுகளில் அது அணைந்தே கிடக்கும். இன்னொரு கேள்வியும் கேட்டேன்: "இதுக்கும் சம்பந்தமில்லாம வேற ஏதாவது செஞ்சீங்களா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, டெஸ்க்டாப்பை வேகமாக்க ஒரு வீடியோ சொன்னபடி, பின்னணியில் ஓடும் தேவையில்லாத சர்வீஸ்களையெல்லாம் நிறுத்தியதாகச் சொன்னார். எவையெவை என்று நினைவில்லை. அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டுவைத்தேன்.

அப்போது அக்கா மகள் தன் லேப்டாப்போடு வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் வைத்திருக்கிறாள். "கீழ இருக்கும்போது அம்மா கம்ப்யூட்டர்ல இருந்து நான் படம் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன் மாமா. நம்பர் போட்டா வருதே."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றார் அத்தான்.

"யாரு எங்கிட்ட கேட்டா?"

வழக்கில் கிடைத்த முதல் நல்ல சாட்சி அவள்தான். கீழ்வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, முகவரியைத் தட்டி, டெஸ்க்டாப்பைத் திறக்க முடிகிறது. அப்படியானால் டெஸ்க்டாப்பின் பகிர்வு உயிரோடுதான் இருக்கிறது. ஃபைபர் பெட்டியும் வைஃபை கருவிகளை ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைக்கவில்லை. கெஸ்ட் வைஃபையில் அப்படிப் பிரித்து வைப்பதுதான் வழக்கம். வேறொரு வீட்டில் இரண்டு லேப்டாப்பில் ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது.

டிடிஎல் 127

இரண்டு கம்ப்யூட்டரிலும் கறுப்புத் திரையைத் திறந்து, நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைத் தட்டினேன். டெஸ்க்டாப் 192.168.1.10, அதன் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.1.1. லேப்டாப் 192.168.0.105, கேட்வே 192.168.0.1. இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0.

அந்த மாஸ்க் சொல்வது இதுதான்: முதல் மூன்று எண்கள் தெருப்பெயர், கடைசி எண் கதவிலக்கம். கீழ்வீடு 192.168.1 தெருவில் இருக்கிறது, மாடி 192.168.0 தெருவில். ஒரே வீட்டுக்குள் இரண்டு தெரு. 192.168 என்று தொடங்கும் முகவரிகளை எந்த வீடும் அலுவலகமும் தன்னிஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996-லேயே விதி வகுத்தாகிவிட்டது. பெட்டி செய்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது எண்ணாக 0 அல்லது 1 வைத்து அனுப்புவார்கள். இரண்டு பெட்டியும் தற்செயலாக 1-ஆகவே வந்திருந்தால் மாடியில் முதல் நாளே இன்டர்நெட் தடுமாறி, அன்றைக்கே யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். வேறுவேறாக வந்ததால் எல்லாம் சரியாக ஓடுவதுபோல் இருந்தது.

முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தால் கதை வேறு. முகவரி கொடுக்கும் பெட்டியே பதில் சொல்லவில்லை என்று அதற்கு அர்த்தம். கேபிளைப் பார்க்கப் போயிருப்பேன்.

அடுத்து லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு பிங் தட்டினேன், "இருக்கியா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளை அது. அத்தான் எதிர்பார்க்காதது நடந்தது, பதில் வந்தது. நான்கு வரியும் ஒரே மாதிரி: 192.168.1.10-இலிருந்து பதில், 32 பைட், 2 மில்லிசெகண்ட், டிடிஎல் 127.

"வருதே மாப்ள! அப்ப ஏன் தெரியல?"

நான் பார்த்துக்கொண்டிருந்தது கடைசி எண்ணை. விண்டோஸ் அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் 128 என்ற எண்ணோடு புறப்படும். வழியில் ஒரு ரவுட்டரைக் கடக்கும்போதெல்லாம் அந்த எண்ணில் ஒன்று குறையும், சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்காமல் ஒரு கட்டத்தில் சாகட்டும் என்று. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே 128 அப்படியே வரவேண்டும். 127 என்றால் நடுவில் ஒரு ரவுட்டர் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்திருக்கிறது. மாடி ரவுட்டரைக் கையால் தொடாமலே அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அந்த ஓர் எண் சொல்லிவிட்டது.

டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு பிங் தட்டியபோது நான்கு முறையும் நேரம் கடந்தது, பதிலில்லை. மேலிருந்து கீழே வரலாம், கீழிருந்து மேலே போக முடியாது.

காரணம் மாடி ரவுட்டரில் கேபிள் சொருகியிருந்த துளை. மற்ற துளைகளிலிருந்து தள்ளி, வேறு நிறத்தில் இருக்கும் வான் துளை அது. அதில் வருவதெல்லாம் ரவுட்டரைப் பொறுத்தவரை வெளியுலகம். அக்காவின் டெஸ்க்டாப்பும் அதற்கு வெளியுலகம்தான், அமெரிக்காவில் இருக்கும் ஏதோ ஒரு சர்வர் மாதிரி. ரவுட்டர் ஒரு வாட்ச்மேன். உள்ளே இருந்து வெளியே போகிறவர் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார், அவருக்கு வரும் பதிலை உள்ளே விடுவார். வெளியிலிருந்து தானாக வந்து "மாடியில அத்தான் இருக்காரா?" என்று கேட்பவரை விடமாட்டார். இன்டர்நெட்டிலிருந்து வருபவர்களிடமிருந்து வீட்டைக் காக்க இது நல்ல ஏற்பாடு. வீட்டுக்குள்ளேயே இன்னொரு வாட்ச்மேன் நின்றால்தான் சிக்கல்.

பட்டியல் இரண்டு பக்கமும் காலியாக இருந்ததற்கும் இவர்தான் முதல் காரணம். "நான் இருக்கேன்" என்று கம்ப்யூட்டர்கள் போடும் அறிவிப்புச் சத்தம் தெரு எல்லையோடு நின்றுவிடும். ரவுட்டரைத் தாண்டி அடுத்த தெருவுக்குக் கேட்காது.

சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. மாடி ரவுட்டரின் வேலை மாடிக்கு வைஃபை கொடுப்பது மட்டும்தான். தனித்தெரு நடத்தத் தேவையில்லை. பல ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு பொத்தானே உண்டு. இதில் இல்லாததால் கையால் செய்தேன். வரிசை முக்கியம். முதலில் ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். ஃபைபர் பெட்டி அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காது என்று அதன் பட்டியலில் முன்பே பார்த்துவைத்திருந்தேன். பிறகு ரவுட்டர் முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தினேன். கடைசியாக, கேபிளை வான் துளையிலிருந்து உருவிப் பக்கத்தில் இருக்கும் சாதாரண லான் துளையில் சொருகினேன். டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டு முகவரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், நடுவில் ரவுட்டரின் பக்கத்தையே திறக்க முடியாமல் குண்டூசியால் ரீசெட் குத்த வேண்டிவரும். அனுபவம்.

லேப்டாப் 192.168.1.23 என்று புது முகவரி வாங்கிக்கொண்டது. மறுபடி பிங். டிடிஎல் 128. எனக்குச் சந்தோஷம். அத்தான் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார்.

இந்தக் கட்டத்தில்தான் பலரும் செய்ததைத் திருப்பி வைத்துவிடுவார்கள்.

ஆள் உள்ளே இருக்கிறார், கதவு திறக்கவில்லை

டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு பிங் இன்னும் போகவில்லை. ஆனால் இந்த முறை, தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் ஏஆர்பி பட்டியலைத் திறந்து பார்த்தால் 192.168.1.23-க்கு நேரே லேப்டாப்பின் வன்பொருள் முகவரி பளிச்சென்று இருந்தது. ஒரே தெருவில் ஒருவர் இருக்கிறாரா என்று தேடும் கேள்விக்கு லேப்டாப் பதில் சொல்லியிருக்கிறது. பிங்குக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. செருப்பு வாசலில் கிடக்கிறது, கதவைத் தட்டினால் திறக்கவில்லை என்றால் வழியில் கோளாறு இல்லை, உள்ளே தாழ்ப்பாள்.

வைஃபை அமைப்பைத் திறந்ததும் தெரிந்தது: நெட்வொர்க் வகை "பப்ளிக்". விண்டோஸ் 11 புதிய நெட்வொர்க் எதைக் கண்டாலும் முதலில் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். ரயில் நிலையத்திலோ காபிக் கடையிலோ உட்கார்ந்திருப்பதாக எண்ணி, தன்னை யாருக்கும் காட்டாது, மற்றவர்களையும் தேடாது. அதை "பிரைவேட்" என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரியையும் கோப்புப் பகிர்வையும் போட்டேன். உடனே கீழே அக்கா குரல் கொடுத்தாள்: "ஏய், அத்தான் கம்ப்யூட்டர் பேரு வந்துட்டு!"

மாடியில் இன்னும் அக்கா கம்ப்யூட்டர் வரவில்லை. டெஸ்க்டாப் லேப்டாப்பைப் பார்க்கிறது, லேப்டாப்புக்கு டெஸ்க்டாப் தெரியவில்லை. ஒருதலைக் காதல்.

இரண்டு கோடு போட்ட வரிக்கு இப்போதுதான் வேலை வந்தது. விண்டோஸில் மற்றவர்களைத் தேடிப் பார்ப்பது ஒரு சர்வீஸ், தன்னை அறிவிப்பது இன்னொரு சர்வீஸ். முதலாவது ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட். இரண்டாவது ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன். பெயரைப் பார்த்தால் யாருக்கும் எதற்கென்று புரியாது; "வேகமாக்கும்" வீடியோக்களில் இது பலியாவதற்குப் பெயரே காரணம் என்று நினைக்கிறேன். டெஸ்க்டாப்பில் முதலாவது ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவது முடக்கப்பட்டிருந்தது. டெஸ்க்டாப்புக்குக் கண் இருக்கிறது, வாய் இல்லை. தானியங்கி, தாமதத் தொடக்கம் என்று வைத்து ஓடவிட்டேன். சற்று நேரத்தில் மாடியிலும் பெயர் வந்தது.

எஸ்எம்பி 1-ஐ இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீடியோ முழுப்பொய் சொல்லவில்லை. பழைய விண்டோஸில் நெட்வொர்க் பட்டியலைத் தயாரித்தது கம்ப்யூட்டர் பிரவுசர் என்ற சர்வீஸ். தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒருவரைத் தலைவராக்கும். மற்றவர்கள் வழக்கமாக 12 நிமிடத்துக்கு ஒருமுறை அவரிடம் வருகைப்பதிவு கொடுப்பார்கள். அணைத்துவிட்ட கம்ப்யூட்டர் அரை மணி நேரத்துக்கு மேலும் பட்டியலில் ஆவிபோல் நிற்பதெல்லாம் அந்தக் காலத்தில் சகஜம். அந்த ஏற்பாடு எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது. 2017 மே மாதம் வன்னாகிரை புழு எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. பட்டியலும் அதோடு சேர்ந்து பலருக்குக் காலியானது. அப்போதிலிருந்து "எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போடு, பெயர் வரும்" என்ற வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோப்பை எடுக்க அது தேவையே இல்லை. எஸ்எம்பி 2, 3 அதைப் பார்த்துக்கொள்கின்றன. பெயரைக் காட்டும் வேலையை மேலே சொன்ன இரண்டு சர்வீஸ்களும் செய்கின்றன. அந்த டெஸ்க்டாப்பிலோ விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதில் எஸ்எம்பி 1-ஐயும் திறந்து வைப்பது, பூட்டு பழசான வீட்டில் ஜன்னலையும் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி. இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

"அப்ப ஹோம்குரூப்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க போச்சு?" என்றார் அத்தான். விண்டோஸ் 7-ஓடு 2009-இல் வந்தது, 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். "நல்லா இருந்துச்சு" என்றார். எனக்கும் அதே கருத்துதான்.

எந்த ஆர்கனைசேஷன்?

லேப்டாப்பில் அக்கா கம்ப்யூட்டரின் பெயரை அத்தான் ஆசையோடு இரட்டை கிளிக் செய்தார். திரையில் வந்த வாசகத்தின் பொருள்: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத விருந்தினர் அணுகலைத் தடுப்பதால் இந்தப் பகிர்வை நீங்கள் திறக்க முடியாது.

"எந்த ஆர்கனைசேஷன் மாப்ள? நாம மூணு பேருதான இருக்கோம் வீட்ல?"

கடைப் பையன் பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைத்துவிட்டுப் போனது இதில்தான் வந்து நின்றது. அணைத்தால் யார் வந்தாலும் "விருந்தினர்" என்று உள்ளே விடும்படி டெஸ்க்டாப் மாறிவிடும். மகளின் லினக்ஸ் அந்த வழியில்தான் நுழைந்துகொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 11 ப்ரோவின் 24ஹெச்2 பதிப்பிலிருந்து லேப்டாப் தானே விருந்தினராகப் போக மறுக்கிறது. கூடவே, பரிமாறும் ஒவ்வொரு தகவலிலும் கையெழுத்து வேண்டும் என்றும் கேட்கிறது. அடையாளமே இல்லாத விருந்தினர் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவார்? கதவைத் திறந்து வைத்தும் விருந்தாளி வாசலிலேயே நிற்கிறார். எளிதாக்குவதாக நினைத்துச் செய்த வேலை, புதிய லேப்டாப்பைப் பொறுத்தவரை வழியையே அடைத்துவிட்டது. இந்த மறுப்பைத் தளர்த்த வழிகள் உண்டு. நான் செய்யவில்லை. ஊரார் கல்யாணப் படங்களை வைத்திருக்கும் வீட்டில் பூட்டைக் கழற்றுவதை விடச் சாவி செய்வது மேல்.

பாஸ்வேர்டு பாதுகாப்பைத் திரும்பப் போட்டேன். உடனே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அக்கா கணக்குக்கு பாஸ்வேர்டே கிடையாது. காலிப் பாஸ்வேர்டுள்ள கணக்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துதான் நுழையலாம், நெட்வொர்க் வழியாக விண்டோஸ் விடாது. அத்தான் தன் லேப்டாப்பின் பின் எண்ணை அடித்துப் பார்த்தார். அதுவும் ஆகாது, பின் எண் அந்தக் கருவிக்கு மட்டுமே சொந்தமானது, வாசலைத் தாண்டினால் செல்லாது.

அக்காவின் அன்றாட வழக்கத்தை மாற்ற எனக்கு மனமில்லை. காலையில் பொத்தானை அழுத்தினால் நேராக உள்ளே போகவேண்டும் அவளுக்கு. அதனால் இரண்டு கம்ப்யூட்டரிலும் "ஆல்பம்" என்று ஒரே பெயரில் ஒரு சாதாரணக் கணக்கை, ஒரே நீளமான பாஸ்வேர்டோடு உருவாக்கினேன். யாரும் அதில் உட்கார்ந்து வேலை செய்யப் போவதில்லை, அது வெறும் சாவி. டெஸ்க்டாப்பில் படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் லேப்டாப்பில் புரூஃப் ஃபோல்டரையும் அந்தக் கணக்குக்கு மட்டும் திறந்தேன். இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு: பகிர்வு அனுமதி ஒன்று, டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்கான பாதுகாப்பு அனுமதி இன்னொன்று. இரண்டும் சம்மதித்தால்தான் வேலை நடக்கும், எது கெடுபிடியோ அதுவே ஜெயிக்கும். முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு "பேரு வருது, தொறக்க மாட்டேங்குது" என்று நிற்பவர்கள் ஏராளம்.

அப்படியும் லேப்டாப் ஒருமுறை முரண்டு பிடித்தது. பாஸ்வேர்டுகளை விண்டோஸ் சேமித்துவைக்கும் கிரெடன்ஷியல் மேனேஜரில் முன்பு எப்போதோ அடித்துச் சேமித்த தப்பான பெயர் உட்கார்ந்திருந்தது. அழித்தேன். \\192.168.1.10 என்று தட்டி, ஆல்பம் என்ற பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன். ஐப்பசிக் கல்யாணம் ஒன்றின் மாப்பிள்ளை அழைப்பு படம்படமாகத் திறந்தது. அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதை இசட் டிரைவ் என்று பதித்துவைத்தேன், பெயரால் அல்ல, முகவரியால். பெயர்ப் பட்டியல் என்னதான் சரியானாலும் சில நாள் மக்கர் செய்யும், எண் செய்யாது. அந்த எண் மாறிவிடாமல் இருக்க, டெஸ்க்டாப்புக்கு 192.168.1.10-ஐ ஃபைபர் பெட்டியிலேயே நிரந்தரமாக ஒதுக்கினேன்.

மகளின் லினக்ஸும் இப்போது ஆல்பம் கணக்கில்தான் நுழைகிறது. அவள் கம்ப்யூட்டர் பெயர் மட்டும் விண்டோஸ் பட்டியலில் வராது. லினக்ஸ் பக்கம் பகிர்வைக் கையாளும் சாம்பா, விண்டோஸ் இப்போது கேட்கும் விதத்தில் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலைத் தனியாகப் போடவேண்டும். போட வேண்டாம் என்றாள். "அப்பாவுக்குத் தெரியாம இருக்கதே நல்லது மாமா." சாம்பாவை 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், அகராதியில் எஸ், எம், பி என்ற எழுத்துகள் இதே வரிசையில் வரும் சொல்லைத் தேடித்தான் அந்தப் பெயரைப் பிடித்தாராம். அதைச் சொன்னதும் அவளுக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை போன்

"மறுபடி காணோம் மாப்ள."

"இசட் டிரைவ் தொறக்குதா?"

"அது தொறக்குது. படம் எல்லாம் வருது. பட்டியல்தான் காலி. அக்காவுக்கும் எம் புரூஃப் ஃபோல்டர் தொறக்கலியாம்."

முதல் நாளாக இருந்தால் "தெரியல" என்று மட்டும் சொல்லியிருப்பார். இப்போது எது வருகிறது, எது வரவில்லை, எந்தத் திசையில் என்று பிரித்துச் சொன்னார். லேப்டாப்பிலிருந்து போவது போகிறது. லேப்டாப்புக்குள் வருவது நிற்கிறது. மறுபடி பப்ளிக். ஆனால் வைஃபையை நானே பிரைவேட் ஆக்கியிருந்தேனே?

"அத்தான், ஏதாவது புதுசா சொருகினீங்களா?"

சொருகியிருந்தார். நான்தான் சொல்லியிருந்தேன். வைஃபையில் 38 ஜிபி கல்யாணம் ஒன்றை இழுக்க நெடுநேரம் ஆனதைப் பார்த்துவிட்டு, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள் வாங்கிப் போடச் சொன்னேன். அந்த ரவுட்டரின் துளைகள் 100 மெகாபிட் வேகத்தவை. கேபிளில் நொடிக்குச் சுமார் 11 மெகாபைட் வரும், அதே கல்யாணம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். திங்கள்கிழமை போட்டிருக்கிறார். கேபிள் இணைப்பு விண்டோஸுக்கு இன்னொரு புதிய நெட்வொர்க். வைஃபைக்குக் கொடுத்த நம்பிக்கை அதற்குத் தானாக வராது. அது தனியாகப் பப்ளிக் என்று தொடங்கியிருக்கிறது. இதைச் சொல்லிவைக்காமல் வந்தது என் தப்பு. போனிலேயே வழி சொல்லி மாற்றவைத்தேன்.

புதன்கிழமை காலை மறுபடி போன். இந்த முறை இசட் டிரைவும் இல்லை, பட்டியலிலும் இல்லை, பிங்கும் இல்லை. இறங்கி வந்து டெஸ்க்டாப்பின் மவுஸை அசைக்கச் சொன்னேன். அக்கா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அது தூங்கியிருந்தது. மின்சாரத்தில் இருக்கும்போது தூங்காதே என்று வைத்தாயிற்று.

பிரிண்டரை மாடியிலிருந்து இயக்க வேண்டும் என்று அடுத்த ஆசை வந்திருக்கிறது. யூஎஸ்பியில் டெஸ்க்டாப்போடு கட்டிக்கிடக்கும் பிரிண்டர், அது தனி வழக்கு. பொங்கல் கழித்து வருகிறேன் என்றேன். "வரும்போது அந்தப் பென்டிரைவை எடுத்துட்டுப் போ, 64 ஜிபி" என்றாள் அக்கா. போனின் பின்னணியில் கயிறு உரசும் சத்தம் கேட்டது. பையில் என்ன போகிறது என்று கேட்டேன். கருவேப்பிலையாம்.